பத்தாவது சத்தம்

செத்தவீட்டுக்குப் போனவர்கள் திரும்பும்போது சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. வந்தவர் மெல்ல எழும்பி, யாருடைய முகத்தையும் பாராமல் படலையைத் திறந்துகொண்டு போய்விட வேண்டும். 'போட்டு வாறன்' என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால், இன்னொரு முறையும் இப்படியொரு காரியத்துக்கு வருவேன் என்றாகிவிடும். முள்ளியவளையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது. ஆனால் தொலைபேசியில் செத்தவீடு விசாரித்தால் எப்படிப் புறப்படுவது என்று மட்டும் முன்னோர் யாரும் சொல்லிவைக்கவில்லை.

சுகிர்தா மாட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

போர் முடிந்து இருபத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன. தொலைபேசி அப்போது சவர்க்காரக் கட்டியளவு வந்துவிட்டது. அதில் அழுத்துவதற்கு எதுவுமில்லை. பேசினால் எழும்பும், வைத்திருப்பவர் விடைபெறும் சொல்லைச் சொன்னால் தானே அணையும். அந்தச் சொல் காதில் விழும்வரை, நாளானாலும் மாதமானாலும், இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். எந்த மொழியில் எப்படி விடைபெற்றாலும் அதற்கு விளங்கும். சொல்லாமல் புறப்படும் சனமும் உலகத்தில் உண்டு என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி வத்சலா, வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன்பிடி ஊரில் காலமானாள். செய்தி கேட்டு சுகிர்தா அவளுடைய கணவர் நகுலேஸ்வரனை அழைத்தாள். அதற்கு முன் அவரோடு பேசியதில்லை. "நகுலண்ணை, என்னத்தைச் சொல்ல" என்று தொடங்கி, இருவரும் கொஞ்சம் அழுது, கொஞ்சம் வத்சலாவின் குறும்புகளைச் சொல்லிச் சிரித்து, பிறகு பேச்சு ஓய்ந்தது. அவள் விடைபெறவில்லை, கருவியை மெதுவாகக் குசினி மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள். அவரும் வழக்கம் தெரிந்தவர். தன் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேத்திலை அடுப்பில் வைத்தார்.

மூன்றாம் நாள் அவர் இருமிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொத்தமல்லி அவிச்சுக் குடியுங்கோ அண்ணை. இது நெஞ்சுச் சளி."

கரண்டி கீழே விழும் சத்தம் சுகிர்தாவுக்குக் கேட்டது.

"பிள்ளை, நீங்கள் இன்னும் நிக்கிறீங்களோ?"

"நீங்கள் வைக்கேல்லை. நான் எப்பிடி வைக்கிறது?"

"செத்தவீட்டுக்காரன் நான் எப்பிடி உங்களைப் போகச் சொல்லுறது?"

"அப்ப முப்பத்தொண்டு மட்டும் இருக்கட்டும்" என்றாள் சுகிர்தா. முப்பத்தொராம் நாள் காரியம் முடிந்தது. அவர் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பிறகு ஆண்டுத்திவசம் வந்து போயிற்று.

அந்த முதல் வருடத்தில் சுகிர்தாவுக்கு ஊரில் கெட்ட பெயர் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் சொல்லாமலே எழும்பிப் போனாள். இடுப்பில் கருவி இருக்கிறது, வாய் தவறினால் இணைப்பு அறுந்துவிடும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். "எங்கட வீட்டில என்ன செத்தவீடே நடக்குது?" என்று அயலவர்கள் கோபித்தார்கள். முப்பது வருடம் உப தபாலதிபராய் இருந்து, வந்தவரையெல்லாம் 'போட்டு வாங்கோ' என்று அனுப்பிவைத்தவள் இப்படி மரியாதை கெட்டுப்போனாளே என்று கோயிலடியில் கதைத்தார்கள். அங்கே அவரும் மீன்கடையில், மருந்துக்கடையில், பஸ்ஸில் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்த ஊரில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் எல்லோருமே அப்படித்தான்.

அவர்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதாகவும் இல்லை. அவள் தேங்காய் துருவுவாள். அவர் அங்கே பனியை வழித்துத் தள்ளுவார். அவளுடைய சேவல் கூவினால் அவர், 'அங்க மழை வருமோ' என்று கேட்பார். அவர் நித்திரையானால் குறட்டை வரும்; அதைக் கேட்டுக்கொண்டு அவள் சட்டை தைப்பாள்.

மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தவள் தங்கை தர்மினி. இருவரும் ஒரே வளவில் இருந்தார்கள்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? நகுலண்ணை நகுலண்ணை எண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தனி. இப்ப ஒரு கிழமையா, புருசனைக் கூப்பிடுறமாதிரி 'இஞ்சாருங்கோ' எண்டுறாய்."

"நகுலண்ணை எண்டு கூப்பிட அஞ்சு எழுத்து வேணும். களைப்பாக் கிடக்கு."

"இஞ்சாருங்கோவுக்கு ஆறு எழுத்தக்கா."

கருவிக்குள் யாரோ புரையேறி இருமினார்கள்.

மூன்றாவது வருடம் முல்லைத்தீவு அரசாங்கக் கச்சேரியில் பதிவுத் திருமணம் நடந்தது. சுகிர்தா நேரில், மாப்பிள்ளை திரையில். அவருடைய நுரையீரலில் ஒரு குமிழ் இருந்தது. இருபது வருடம் மீன் தொழிற்சாலைக் குளிரறையில் வேலை செய்ததன் மிச்சம். விமானம் ஏறினால் அது வெடிக்கலாம் என்று வைத்தியர் மறித்துவிட்டார். "அதுக்கென்ன, நானும் ஒரு பலூன்தானே, பறந்து வாறன்" என்று அவர் சொன்னபோது, சுகிர்தா அவரோடு அரை நாள் பேசவில்லை. அவளுக்குச் சுற்றுலா விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்தது துணை விசா ஒன்றுதான்.

அந்த விசாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கணவன் மனைவியாய் ஒரே கூரையின் கீழ் ஒரு வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். முன்பு காகிதம் கேட்டார்கள். கல்யாண அல்பம், வீட்டு ஒப்பந்தம், ஒரே கட்டிலில் இருந்து தேத்தண்ணி குடிக்கும் படம் எல்லாம் செய்துகொடுக்க ஆட்கள் இருந்தபடியால், அந்த நாட்டுக்காரர் காகிதத்தை நம்புவதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு இயந்திரம் வந்தது.

அதைப்பற்றி விளக்கியவர் வவுனியாவில் 'காது ரியூசன்' வகுப்பு நடத்திய றொபின்சன் மாஸ்டர். தர்மினிதான் தமக்கையை இழுத்துக்கொண்டு போனாள். பெரிய மண்டபம். முப்பது பேர் காதுக்கருவி மாட்டிக்கொண்டு, பரீட்சை எழுதும் பிள்ளைகள்போல வரிசையாக இருந்து, தூரதேசத்துத் துணைகளின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காது ஒரு சோம்பேறி அக்கா" என்றார் மாஸ்டர். "ஒரே வீட்டில இருக்கிற ஆளின்ர சத்தத்தை முதல் மாதம் கேக்கும், ரெண்டாம் மாதம் கேக்கும். பிறகு, 'இது எங்கட ஆள்' எண்டு மூளை திரும்பிப் படுத்திடும். மிஷின் பாக்கிறது அதைத்தான். புருசன் தும்மேக்க உங்கட மூளை துள்ளினால் அவர் பிறத்தியான். துள்ளாட்டி விசா."

"பிறத்தியாரின்ர சத்தமும் போடுவினமோ?"

"கலந்து போடுவினம். அதுக்குத் துள்ள வேணும். எல்லாத்துக்கும் பேசாமல் இருந்தால் செவிடு எண்டு அனுப்பிப்போடுவாங்கள். மொத்தம் பத்துச் சத்தம், அவற்ற வீட்டில பெட்டி வைச்சு அவையே எடுக்கிறது. ஒன்பது என்னெண்டு எங்களுக்குத் தெரியும். பத்தாவது ஒருத்தருக்கும் தெரியாது. போன வருசம் புதுசாச் சேர்த்தது. போன் சோடிகளைப் பிடிக்கிறதுக்கெண்டே. விழுந்த ஆக்களிட்டக் கையெழுத்து வாங்கிப்போடினம், சொல்லமாட்டினம்."

அவர் அவளுடைய தலையில் ஒரு பயிற்சித் தொப்பியை மாட்டினார். முதலில் அமைதியில் கோடு நேராக ஓட வேண்டும். அதை அடிக்கோடு என்றார். கோடு ஓடத் தொடங்கியது. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது, கோடு எகிறியது. யாரோ கதிரையை இழுத்தார்கள், எகிறியது. கூரையில் ஒரு காகம் இருந்து எழும்பியதற்கும் எகிறியது.

மாஸ்டரின் முகம் மாறியது.

"அக்கா, கடைசி மட்டும் உள்ளுக்கு இருந்தனீங்களோ?"

"ஓம்."

போர் முடிந்த வருடம் மாசியிலிருந்து வைகாசிவரை அவள் பங்கருக்குள் கேட்டதெல்லாம் காதுக்குள் இன்னும் விழித்துக்கொண்டிருந்தது. கணவன் கேதீசனும் மகள் நிலானியும் போன பிறகு, ஒரு சத்தத்தையும் அவள் நம்பியதில்லை.

"அடிக்கோடு இல்லாட்டி சோதனையே எடுக்கேலாது" என்றார் மாஸ்டர் மெதுவாக. "எடுக்கேலாதெண்டால் தோல்வி எண்டுதான் பதிவாங்கள். தோத்தால் அஞ்சு வருசத்துக்குத் திருப்பி விண்ணப்பிக்கேலாது."

ஐந்து வருடம். அவருக்கு அறுபத்தாறு, நுரையீரலில் குமிழ்.

மாஸ்டர் கேட்டபடி நகுலேஸ்வரன் பயிற்சிக்கு ஒன்பது சத்தங்களையும் பதிவுசெய்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து அதைக் கேட்ட சுகிர்தா நெற்றியைச் சுருக்கினாள்.

"இஞ்சாருங்கோ, இது ஆர் நடக்கிறது?"

"நான்தான்."

"பொய். உங்கட இடது சிலிப்பர் இழுபடும். இது சோல்சர் நடக்கிறமாதிரிக் கிடக்கு."

"அரசாங்க அலுவலுக்கெண்டு புதுச் சிலிப்பர் வாங்கினனான்."

"குறட்டை எங்க?"

"அது... மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்."

"தும்மல் என்ன இவ்வளவு சின்னது?"

"லேஞ்சியால பொத்திக்கொண்டு தும்மினனான்."

தர்மினி நிலத்தில் இருந்து சிரித்தாள். "அக்கா, இந்த மனுசன் விசாவுக்கு வெள்ளையடிச்சிருக்கிறார்!"

"புதுசைக் கழற்றி அலுமாரியில வையுங்கோ" என்றாள் சுகிர்தா. "பெட்டிக்காரர் வரேக்க இருக்கிறமாதிரி இருங்கோ." ரியூசனுக்கு அவள் திரும்பப் போகவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நாட்கள் எத்தனை? தர்மினி ஆயிரம் என்று எழுதச் சொன்னாள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம். சுகிர்தா பேனையை எடுத்தாள். முப்பது வருடம் பிழையான திகதியில் ஒரு முத்திரை குத்தாத கை அது. 0 என்று எழுதினாள்.

"நாசமாப் போச்சு" என்றாள் தர்மினி.

கொழும்பில், பதினோராம் மாடியில், சோதனை. காலை பத்து மணி. சோதனை அதிகாரி சம்மாந்துறையைச் சேர்ந்த பௌமியா என்ற பெண். முக்காடிட்டு, களைத்த கண்களோடு இருந்தாள். வயது நாற்பது இருக்கும். சுகிர்தாவின் கருவியை வாங்கி ஒரு பெட்டியில் வைத்தாள். "அணைக்கல்லியா அம்மா?"

"அணைக்கேலாது பிள்ளை. அதொரு பெரிய கதை."

பௌமியா படிவத்தைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். "இங்க சைபர் போட்டிருக்கீங்க."

"ஓம்."

"பத்து வருசமா இந்த வேலை செய்றன். ஆரும் சைபர் போட்டதில்ல. ரெண்டு நாள் பழக்கத்துக்கே ஆயிரம் எண்டுதான் போடுவாங்க."

"எனக்கு இருந்தது சைபர்தான் பிள்ளை."

"அப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

"உங்கட சட்டம் காதைத்தானே கேக்குது? காது வந்திருக்கு."

பௌமியா சிரிப்பை அடக்கிக்கொண்டு தொப்பியை மாட்டினாள். மூன்று நிமிட அமைதி தொடங்கியது. குளிரூட்டி 'டக்' என்றது. திரையில் கோடு குதிரைபோல எழும்பியது. லிப்டின் மணிக்கு எழும்பியது. தாழ்வாரத்தில் உருண்ட வண்டிலுக்கு எழும்பியது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை பௌமியா கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அம்மா, கோவிக்காதீங்க. இப்பிடியெண்டா எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது. எடுக்க முடியல்ல எண்டுதான் எழுதணும்."

சுகிர்தா பெட்டிக்குள் இருந்த கருவியைப் பார்த்தாள்.

"பிள்ளை, மூண்டு நிமிசம் அமைதி வேணுமெண்டு எழுதியிருக்கு. முதலில வேணுமெண்டு எழுதியிருக்கோ?"

பௌமியா யோசித்தாள். விதிகளைத் திரையில் வரவழைத்து வாசித்தாள். "முதல்ல எண்டு இல்ல."

"அப்ப அவற்ற சத்தத்தில ஒண்டைப் போடுங்கோ. பிறகு எடுங்கோ உங்கட அடிக்கோட்டை."

பௌமியா ஒன்றைப் போட்டாள். குறட்டை. பழைய பலகைப் படகை மணலில் இழுப்பதுபோன்ற, வெட்கமேயில்லாத முழுக் குறட்டை. வெள்ளையடிக்காதது.

கோடு ஒருமுறை நடுங்கியது. பிறகு தாழ்ந்தது. பிறகு, வயல் வரம்புபோல நேராகப் படுத்துவிட்டது. குளிரூட்டி 'டக்' என்றது, கோடு அசையவில்லை. லிப்ட் மணி அடித்தது, அசையவில்லை. பௌமியா இயந்திரத்தின் பக்கத்தில் தட்டிப் பார்த்தாள். வயர்களை இழுத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது விண்ணப்பதாரி வாயைச் சற்றுத் திறந்தபடி நித்திரையாகியிருந்தாள்.

"அம்மா! அம்மா, சோதனையில நித்திரை கொள்ளக்கூடாது!"

சுகிர்தா திடுக்கிட்டு விழித்து முந்தானையைச் சரிசெய்தாள். "ஐயோ, மன்னியுங்கோ பிள்ளை. நேற்று முழுக்க பஸ்ஸில வந்தது."

"அடிக்கோடு கிடைச்சிட்டுது" என்றாள் பௌமியா. அவளுடைய குரல் மாறியிருந்தது. "இப்பிடி ஒரு கோடு நான் கண்டதில்ல. ஒரே வீட்டில முப்பது வருசம் இருந்தவங்களுக்கும் கொஞ்சம் நடுங்கும். ஒங்களுக்குப் பழக்கமில்லம்மா இது. ஒங்களுக்கு இது ஓய்வு."

பிறகு ஒழுங்காகத் தொடங்கினார்கள். யாரோ ஒருவனின் இருமல்: துள்ளல். அவருடைய இருமல்: நேர்கோடு. யாரோ கதவைச் சாத்துகிறார்கள்: துள்ளல். அவர் கதவைச் சாத்துவது, கேத்தில், கரண்டி, இழுபடும் இடது சிலிப்பர், வீட்டையே உலுக்கும் தும்மல், வானொலிச் செய்திக்காரனோடு தனியே இருந்து வாதாடுவது: நேர்கோடு, நேர்கோடு, நேர்கோடு.

ஒன்பதாவதைப் போடமுன் பௌமியா தயங்கினாள். பெட்டி எடுத்த சத்தங்களில் எதைப் போடுவதென்று தெரிவுசெய்வது இயந்திரம், அவளால் மாற்றமுடியாது. அவருடைய குரல் வந்தது, மிகவும் கனிவாக:

"வத்சலா, தேத்தண்ணி ஆறுதப்பா."

பௌமியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு அசையவில்லை.

"கேக்கக் கூடாது. ஆனா கேக்கிறன்" என்றாள். "அது ஆரும்மா?"

"என்ர சிநேகிதி. அவற்ற முதல் மனிசி. காலமை முதல் கோப்பை அவவின்ர படத்துக்கு."

"ஒங்களுக்கு அது..."

"நானும் இஞ்ச ரெண்டு பேருக்கு வைக்கிறனான் பிள்ளை. ஒண்டுக்குச் சீனி கூட. சின்னவள்." சுகிர்தா புன்னகைத்தாள். "எங்கட வீட்டில நாங்கள் அஞ்சு பேர்."

பௌமியா பத்தாவதைப் போட்டாள்.

முதலில் ஒரு வீட்டின் வெறுமை. சுவர்க்கடிகாரம். பிறகு வெளியே, தூரத்தில், பனியை மிதித்து வரும் சப்பாத்து. கிட்ட வருகிறது. படியில் ஏறுகிறது. வாசலில் நின்று இரண்டு தரம் ஓங்கி உதறுகிறது: தொப், தொப். திறப்பு பூட்டுக்குள் நுழைகிறது.

கோடு திரையின் உச்சிவரை பாய்ந்தது.

நான்கு வருடத்தில் ஒரு நாளும் சுகிர்தா கேட்காத சத்தம் அது. அவர் எங்கே போனாலும் கருவி அவருடைய சட்டைப்பையில் இருக்கும். வீட்டை விட்டுப் போகும்போது அவளும் கூடவே போனாள், திரும்பும்போது கூடவே திரும்பினாள். அவர் இல்லாத வீட்டுக்குள் அவள் இருந்ததேயில்லை. அவர் வந்து சேர்வதை உள்ளேயிருந்து கேட்டதேயில்லை. போன் சோடிகளைப் பிடிக்க வைத்த பொறி இதுதான்.

பௌமியாவின் முகம் விழுந்துவிட்டது. சப்பாத்து, வாசல், இந்த அம்மாவுக்கு அது எதை நினைவுபடுத்தியிருக்கும் என்று நினைத்துத் திரும்பினாள். சுகிர்தா கதிரையில் இருக்கவில்லை. தலையில் தொப்பியோடு, வயர்கள் இழுபட, அரைவாசி எழும்பி நின்று, காலால் மேசைக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்கம்மா, இருங்க, இருங்க. ஒண்டுமில்ல, அது சும்மா சத்தம்."

"பயமோ? பயமில்லைப் பிள்ளை." அவளுடைய முகம் முழுவதும் சிரிப்பாக இருந்தது, கண் மட்டும் நனைந்திருந்தது. "வீட்டுக்கு ஆள் வருது. அதைக் கேட்டு முப்பத்தொரு வருசம். என்ர செருப்பு எங்க?"

"செருப்பு எதுக்கு?"

"கதவு திறக்க வேணுமெல்லோ! குளிருக்க நிக்கிறார்."

பௌமியா மெதுவாகத் தொப்பியைக் கழற்றி எடுத்தாள்.

"பத்தாவதுல நீங்க விழுந்திட்டீங்கம்மா. சட்டப்படி, அந்த வீட்டில இருக்கிற ஆள் வாசல் சத்தத்துக்குத் துள்ளக்கூடாது."

சுகிர்தா திரும்பவும் கதிரையில் இருந்தாள். சிரிப்பு போய்விட்டது. "ஓம். விளங்குது" என்றாள். பிறகு, தபாலதிபரின் நிதானத்தோடு, "நீங்கள் உள்ளதை எழுதுங்கோ பிள்ளை. நானும் உள்ளதைத்தான் எழுதினனான்."

திரையில் கடைசியாக ஒரு பெட்டி இருந்தது: அதிகாரியின் அவதானிப்பு. பத்து வருடமாகப் பௌமியா அதில் 'இல்லை' என்றே எழுதிவந்தாள். இப்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்கட ஊட்டுக்கு விருந்தாளி வந்திருக்கக்கொள்ள ஆராவது கதவத் தட்டினா, விருந்தாளி என்ன செய்வாங்க?"

"சும்மா இருப்பினம். வீட்டுக்காரர் போய்த் திறப்பினம்."

"அதத்தான் எழுதப்போறன்" என்றாள் பௌமியா. "ஊட்டுக்காரிதான் எழும்பிப் போவா. வாசல் சத்தத்துக்குத் துள்ளினா போன் சோடி எண்டு சட்டம் எழுதினவன், கதவு திறக்க எழும்பினா என்னெண்டு எழுதல்ல."

ஆறு கிழமை பதில் இல்லை. தர்மினி இரண்டு கோயில்களுக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நேர்த்தி வைத்தாள். நகுலேஸ்வரன் பகடி விடுவதைக் குறைத்திருந்தார். அவருக்கும் அங்கே அதே சோதனை நடந்திருந்தது. ஆனால் கையெழுத்து வாங்கியிருந்தபடியால் இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. ஏழாம் கிழமை கடிதம் வந்தது. இரண்டு நாட்டு அறிக்கைகளும் அதில் இணைக்கப்பட்டிருந்தன. சுகிர்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தாள். தங்கை கேட்க, கருவியும் கேட்க.

முதலாவது பௌமியாவினுடையது: 'பத்தாவது சத்தத்துக்கு விண்ணப்பதாரி கதவு திறக்க எழும்பினார்.'

இரண்டாவது, அவளைக் கண்டறியாத, பௌமியாவையும் கண்டறியாத, தூரதேசத்து அதிகாரி ஒருவருடையது. முள்ளியவளை வீட்டில் வைத்த பெட்டி எடுத்த ஒன்பது சத்தங்களுக்கும் துணைவரின் கோடு அசையவில்லை, சேவலுக்கும்கூட. பத்தாவதாக, அந்த வீட்டுப் படலையின் கிறீச்சும் செருப்புச் சத்தமும் போடப்பட்டபோது: 'துணைவர் எழும்பி, வயர்களை அறுத்துக்கொண்டு போய், சோதனை அறையின் கதவைத் திறந்தார். வெளியே ஒருவரும் இல்லாததால் ஏமாற்றமடைந்தார். இயந்திரத்துக்குச் சிறு சேதம்.'

கீழே ஒரு வரி: விசா வழங்கப்படுகிறது.

தர்மினி போட்ட கூச்சலில் சேவல் கூரையில் ஏறியது. கருவிக்குள் சத்தமேயில்லை.

"இஞ்சாருங்கோ?"

"நிக்கிறன்" என்றார் அவர். "அந்தச் சேதத்தை நான் உங்களிட்டச் சொல்லேல்லை."

புறப்படும் நாளில் அவர் ஒரு குண்டைப் போட்டார். "கோவிக்காதேங்கோ. நான் எயார்போட்டுக்கு வரமாட்டன். என்ர சிநேகிதன் யேசுரட்ணம் காரோட நிப்பான். திறப்பு அவனிட்டக் குடுத்திருக்கிறன்."

"என்ன? உடம்பு சரியில்லையோ?"

"உடம்பு நல்லாயிருக்கு. வரேல்லை, அவ்வளவுதான்."

சுகிர்தா கோபத்தோடே விமான நிலையத்துக்குப் போனாள். விமான வாசலில் எல்லாக் கருவிகளையும் அணைக்கச் சொன்னார்கள். அணைக்க ஒரு வழிதான் இருந்தது. நான்கு வருடமாக, எத்தனை வீட்டு வாசல்களில் எத்தனை பேரைக் கோபிக்க வைத்து, பொத்திப் பொத்தி வைத்திருந்த சொல். அவள் கருவியை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"செத்தவீடு முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றார் அவர். "சொல்லுங்கோ."

"போட்டு வாறன்."

"வாங்கோ."

சிறிய 'கிளிக்'. அதற்குப்பிறகு ஒரு சத்தமும் இல்லை. பதினாறு மணித்தியாலம் சுகிர்தா கண்மூடவில்லை. விமானத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் துள்ளிக்கொண்டே இருந்தாள்.

யேசுரட்ணம் பனிச் சப்பாத்தும் பெரிய அங்கியும் கொண்டுவந்திருந்தார். நகுலேஸ்வரனோடு குளிரறையில் வேலை செய்தவர். காரில் ஏறியதும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிக்காதேங்கோ அக்கா" என்றார். "அவன் விடிய வெள்ளனவே குளிச்சு, சேட் மாத்தி, கதிரையில இருக்கிறான்."

"கதிரையில இருக்கத் தெரிஞ்சவருக்குக் காரில இருக்கத் தெரியாதாமோ?"

"நானும் கேட்டனான். 'உனக்கு விளங்காது போடா' எண்டுறான்."

ஊர் முழுக்க வெள்ளையாய், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. சிவப்புப் பலகை வீடொன்றின் முன்னால் கார் நின்றது. யேசுரட்ணம் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு, பெட்டிகளோடு வேண்டுமென்றே பின்னால் நின்றுகொண்டார். சுகிர்தா பனியில் நடந்தாள். இவ்வளவு பாரமான சப்பாத்தை அவள் போட்டதில்லை. ஒவ்வோர் அடியும் 'கறுக், கறுக்' என்றது. படியேறினாள். சப்பாத்தில் பனி ஒட்டியிருந்தது. வாசலில் நின்று இரண்டு தரம் உதறினாள்: தொப், தொப்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

உள்ளே ஒரு கதிரை தரையில் உரசிப் பின்னால் போனது. அதன்பின் சிலிப்பர் சத்தம். இடது பக்கம் இழுபட, ஆனால் அவள் ஒருநாளும் கேட்டறியாத வேகத்தில், வாசலை நோக்கி வந்தது.

சுகிர்தா திறப்பைக் கைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு, அவர் திறக்கட்டும் என்று காத்து நின்றாள்.